கணவர் அமெரிக்க இராணுவத்தில், மனைவி ஆரையம்பதியில்: விசா விஷயத்தில் உண்மையில் என்ன நடக்கும்?

ஆரையம்பதியில் இருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தார். பெயரை விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 37. முதல் கணவர் இறந்து எட்டு வருடம். பதினொரு வயதில் ஒரு மகள். பதினாலு மாதத்துக்கு முன் மறுமணம் செய்து பதிவும் முடிந்தது. இப்போதைய கணவர் கிரீன் கார்ட் உள்ளவர். அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து தென்கொரியாவில் நிற்கிறார். "ஆமிக்காரரின் மனைவிக்கு மூன்று மாதத்தில் விசா எடுத்துத் தருவதாகக் கொழும்பில் ஒருவர் எட்டு லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா? மகளும் என்னோடு சேர்ந்தே வரலாமா? 2003இல், எனக்குப் பதினைந்து வயதில், இயக்கம் கொண்டுபோய்ச் சில மாதம் வைத்திருந்தது. அதை எழுத வேண்டாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், சரியா? இவர் எல்லாவற்றையும் தான் பார்ப்பதாகச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது."

தங்கச்சி, முதலில் அந்த எட்டு லட்சம். கொடுக்க வேண்டாம். அமெரிக்கக் குடிவரவு வரிசையில் ஒருவரை முன்னால் தள்ளிவிட இங்குள்ள எந்த ஏஜென்சிக்கும் வழி கிடையாது. அங்கே சட்ட ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் பதிவு பெற்ற வழக்கறிஞர்களும், நீதித் திணைக்களம் அங்கீகரித்த பிரதிநிதிகளும் மட்டும்தான். உங்கள் கணவர் இராணுவத்தில் இருப்பதால் இதைவிட நல்ல ஒரு வழி அவருக்குத் திறந்திருக்கிறது: பெரிய முகாம் ஒவ்வொன்றிலும் இராணுவச் சட்ட உதவி அலுவலகம் உண்டு, ஆலோசனைக்குக் காசு இல்லை. கொரியாவில் அவர் கேம்ப் ஹம்ப்ரீஸில் நின்றால் அங்கேயே இருக்கிறது. இந்த வாரமே போய் நேரம் எடுக்கச் சொல்லுங்கள்.

நான் எப்படி இதைச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நான் களுவாஞ்சிகுடி. என் கணவர் 2014இல் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தவர். அந்த நாட்களில் தங்களுக்குத் தேவையான மொழிகள் என்று ஒரு பட்டியல் வைத்து, கிரீன் கார்ட் இல்லாமல் படிக்கவும் வேலைக்கும் போயிருந்தவர்களைக்கூட எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது. 2016இல் அதற்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவருக்குப் பயிற்சி முடிந்த கையோடு குடியுரிமை கிடைத்தது. நான் களுவாஞ்சிகுடியில் பத்தொன்பது மாதம் காத்திருந்தேன். பிறகு டெக்சாஸில் ஒரு முகாமுக்குப் பக்கத்து ஊரில், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் ஏழு வருடம் படிவம் நிரப்பும் வேலை. நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் உங்களைப் போன்ற மனைவிமாரின் கோப்புகள் எந்த இடத்தில் முடங்குகின்றன என்பதை என் கையால் புரட்டிப் பார்த்திருக்கிறேன்.

"ஆமி" என்ற சொல் நம் வீடுகளில் எப்படி ஒலிக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். என் அம்மா மருமகனின் தொழிலை அயலில் சொல்ல ஒரு வருடம் எடுத்தார். "அமெரிக்காவில வேலை" என்பதோடு நிறுத்திவிடுவார். அதனால்தானோ என்னவோ, அந்தச் சொல்லுக்குப் பெரிய அதிகாரம் இருக்கிறது, அது எல்லாக் கதவையும் திறக்கும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விசா விஷயத்தில் கணவரின் சீருடை மட்டும் மனைவியின் வரிசையைக் குறைக்காது. வரிசையைக் குறைப்பது கணவரின் குடியுரிமை. சீருடை அந்தக் குடியுரிமையை அவருக்குச் சீக்கிரம் பெற்றுத் தரும். இந்த இரண்டையும் பிரித்து விளங்கிக்கொண்டால் உங்கள் வழியில் பாதி தெளிந்துவிடும்.

கணவர் கிரீன் கார்ட் மட்டும் உள்ளவராக இருந்தால், குடும்பத்தாரை அழைக்க அவர் உங்களுக்காகப் போடும் ஐ-130 மனு வருடாந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு உள்ள பிரிவில் விழும். மனு சரி என்று ஒப்புக்கொண்ட பிறகும் உங்கள் திகதி வரும்வரை நிற்க வேண்டும்; அது வருடக் கணக்கில் இழுபடலாம். அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டால் நீங்கள் "உடனடி உறவினர்". அந்தப் பிரிவுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. மனுவைப் பரிசீலிக்கும் காலம், ஆவணங்கள் போகும் காலம், நேர்முகத்துக்கான காலம் ஆகியவைதான் மிச்சம். அதுவும் மூன்று மாதத்தில் முடியாது. ஒரு வருடத்துக்கு மேல் போவதுதான் வழக்கம்.

ஆகவே உங்கள் கணவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "குடியுரிமைக்குப் போட்டாயிற்றா?" சாதாரணமாகக் கிரீன் கார்ட் உள்ள ஒருவர் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். இராணுவத்தில் இருப்பவருக்கு அப்படியில்லை. 2001 செப்டம்பர் 11 முதல் இன்றுவரை உள்ள காலத்தை, போர்ச் சூழல் நிலவும் காலமாக 2002இல் ஜனாதிபதி ஆணை ஒன்று அறிவித்தது. அது இன்னும் முடித்துவைக்கப்படவில்லை. அந்தக் காலத்தில் நற்பெயரோடு சேவை செய்கிறவர் ஐந்து வருடம் எண்ணாமல் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்தைப் போடலாம். கூடவே அவருடைய சேவையை இராணுவம் உறுதிப்படுத்தும் என்-426 படிவம் வேண்டும். கட்டணம் கிடையாது. கொரியாவில் நின்றபடியே செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. இவ்வளவு வசதி இருந்தும், வேலை, பயிற்சி, களைப்பு என்று பல பிள்ளைகள் இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போவார்கள். இரண்டு வருடம் தள்ளிப்போட்ட ஒருவரின் மனைவி ஊரில் அந்த இரண்டு வருடமும் வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை அவரும் மனதில் வைத்திருக்கட்டும்: இப்படிப் பெற்ற குடியுரிமையை, ஐந்து வருட நற்சேவை முடியும் முன் கெட்ட பெயரோடு விலக்கப்பட்டால் பறிக்கவும் முடியும்.

அவர் குடிமகன் ஆனதும், முன்பு போட்ட ஐ-130ஐத் தூக்கிப்போட்டுப் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. குடியுரிமைச் சான்றிதழின் பிரதியை அனுப்பினால் அதே மனு "உடனடி உறவினர்" பிரிவுக்கு மாறும்.

இங்கேதான் உங்கள் மகளின் விஷயம் வருகிறது. இதை நிதானமாக வாசியுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நல்ல மனிதர்களே தெரியாமல் பிள்ளையை விட்டுவிட்டுப் போக நேர்கிறது. கணவர் கிரீன் கார்ட்டோடு இருக்கும்போது போடும் மனுவில் மனைவியின் பிள்ளையும் தாயோடு சேர்ந்து வரலாம். தனி மனு தேவையில்லை. அவர் குடிமகன் ஆகி நீங்கள் "உடனடி உறவினர்" ஆனதும் அந்தச் சலுகை போய்விடும். அந்தப் பிரிவில் ஒரு மனுவுக்கு ஓர் ஆள்தான். அதாவது, உங்கள் வரிசையைக் குறைக்கும் அதே குடியுரிமை, மகளை உங்கள் கோப்பிலிருந்து வெளியே தள்ளும். வழி சுலபம்: மகளுக்கென்று கணவர் இன்னொரு ஐ-130 போட வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும் முன் தாயின் திருமணம் நடந்திருந்தால் கணவர் அவளுக்குச் சட்டப்படி மாற்றாந் தந்தை. மனுப் போட அது போதும். பிள்ளைக்கு முன்பே போட்டு வைப்பதில் எந்த நட்டமும் இல்லை. இன்றே போடச் சொல்லுங்கள்.

மகளின் பிறப்புச் சான்றிதழ், முதல் கணவரின் மரணச் சான்றிதழ், உங்கள் இப்போதைய திருமணப் பதிவு ஆகிய மூன்றும் மகளின் கோப்புக்கு வேண்டும். மரணச் சான்றிதழ் உங்களுடைய கோப்புக்கும் வேண்டும். முன்னைய திருமணம் எப்படி முடிந்தது என்று காட்டாமல் இரண்டாம் திருமணம் செல்லுபடியாகாது. முதல் திருமணம் கோயிலில் மட்டும் நடந்து பதியாமல் விட்ட குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். அப்படியானால் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளுக்கு இதே இடத்தில் காதி நீதிமன்றத்து விவாகரத்து ஆவணம் முக்கியமாகும். அதன் முழுப் பிரதியும் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இனி நீங்கள் கடைசியில் பயந்து பயந்து எழுதிய விஷயம்.

விசா விண்ணப்பமான டிஎஸ்-260 படிவத்தில் நேரடியாகக் கேள்விகள் இருக்கின்றன. ஆயுதப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா? ஆயுதக் குழு எதிலாவது இருந்திருக்கிறீர்களா? பயங்கரவாத இயக்கம் ஒன்றுக்குக் காசோ பொருளோ வேறு உதவியோ கொடுத்திருக்கிறீர்களா? நீங்கள் இயக்கம் என்று எழுதிய விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 அக்டோபரில் பயங்கரவாத இயக்கங்களின் பட்டியலில் சேர்த்தது. அது இன்றும் நீக்கப்படவில்லை. "உதவி" என்பதை அந்தச் சட்டம் மிக அகலமாகப் பார்க்கிறது. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறு கொடுத்தது, வரி என்று கேட்டதைக் கொடுத்தது, சாமான் ஏற்றிவிட்டது எல்லாம் அதற்குள் வரலாம். இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையில் வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு இதில் ஒன்றுகூட நடக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

உங்களைப் பதினைந்து வயதில் பிடித்துக்கொண்டு போனார்கள். 2004 ஏப்ரலில் இயக்கம் இரண்டாகப் பிரிந்து மோதிய வெருகல் சண்டைக்குப் பிறகு கிழக்கில் முகாம்கள் கலைந்தபோது எத்தனையோ பிள்ளைகள் நடந்தே வீடு வந்தார்கள். உங்கள் வயதில் எங்கள் தெருவிலும் இரண்டு பேர் வந்தார்கள். அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் "குற்றமில்லை" என்பதும் "எழுத வேண்டாம்" என்பதும் வேறு வேறு விஷயம்.

எழுதாமல் விட்டு, அது பின்னால் வெளியே வந்தால், பொய் சொல்லி விசா பெற முயன்றதாக ஆகும். அதற்கு வாழ்நாள் தடை. அந்தப் பொய் கிரீன் கார்ட் கையில் வந்த பிறகும் உங்களை விடாது: பத்து வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதே கேள்விகள் திரும்ப வரும். யாருக்குத் தெரியும் என்கிறார்கள். அந்த நாட்களில் பெற்றோர் எத்தனை இடத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்கள், யார் யார் பெயர் பதிந்தார்கள் என்பதை உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளையைத் திருப்பிக் கேட்டு அம்மா எழுதிக் கொடுத்த அந்தக் கடிதம் இப்போதும் ஒரு பிரதியாக வீட்டில் இருந்தால், பத்திரப்படுத்துங்கள். உங்களுக்கு உதவப் போவது அதுதான்.

ஏனென்றால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு வாசல் இருக்கிறது. கட்டாயத்தின் பேரில் உதவி செய்தவர்களுக்கு விலக்கு அளிக்க 2007இலும், கட்டாயத்தின் பேரில் பயிற்சி பெற்றவர்களுக்கு விலக்கு அளிக்க 2011இலும் அமெரிக்க அரசு வழி செய்தது. இந்த விலக்கு தானாகக் கிடைக்காது. கொழும்பில் நேர்முகம் செய்யும் அதிகாரி தன் கையால் கொடுக்கக்கூடியதும் அல்ல. கோப்பு வொஷிங்டன் வரை போய் வர வேண்டும், காலமும் எடுக்கும். விரும்பிச் செய்ததற்கு இது பொருந்தாது. எப்போது, எந்த இடத்தில் இருந்து, யார் கொண்டுபோனார்கள், வயது என்ன, என்ன செய்யச் சொன்னார்கள், மறுத்தால் என்ன நடந்திருக்கும், எப்படித் திரும்பி வந்தீர்கள் என்பதெல்லாம் ஒரே சீராக, மாறாமல் எழுதப்பட வேண்டும். இதை நீங்களே தனியாக எழுதி அனுப்பிவிடாதீர்கள். இந்த வகைக் கோப்பில் கை வைத்த அனுபவமுள்ள குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் கணவர் பிடிக்க வேண்டும். செலவழிக்க எட்டு லட்சம் இருந்தால் அது இதற்குப் போகட்டும்.

இன்னொன்று, உங்கள் கணவருக்கு இந்தக் கதை முழுதாகத் தெரியுமா? தெரியாவிட்டால் எவருக்கும் முன்னால் அவருக்குத்தான் சொல்ல வேண்டும். இராணுவத்தில் இரகசியத் தகவல் பார்க்கும் அனுமதி உள்ளவர்கள் வெளிநாட்டு மனைவி, அவருடைய குடும்பம், தொடர்புகள் எல்லாவற்றையும் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். அவர் அறியாமல் ஒன்றை விட்டுவிட, அது உங்கள் கோப்பில் வெளிவந்தால் அவருடைய தொழிலையே தொடும். என் அலுவலகத்துக்கு வந்த ஒரு மனைவி, நேர்முகத்துக்கு முதல் நாள் இரவுதான் தொலைபேசியில் கணவருக்கு இதைச் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. "இவ்வளவு நாளும் இதைத் தனியாகவா வைத்திருந்தாய்" என்று மட்டும் கேட்டாராம்.

திருமணம் உண்மையானதா என்பதை விசா அதிகாரிகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு வருவோம். மண்டபம், கூறை, தாலி, நூறு போட்டோ, இரண்டு பக்கத்துச் சொந்தம் என்று ஒரு படம் அவர்கள் மனதில் இருக்கிறது. இளம் விதவையின் மறுமணம் நம் ஊரில் அப்படி நடப்பதில்லை. வீட்டில், பத்துப் பேரோடு, பதிவாளரை அழைத்துச் சத்தமில்லாமல் முடிப்போம். போட்டோ நாலு இருக்கும், அதில் இரண்டில் ஒருவர் கண் மூடியிருப்பார். பிறகு கணவர் முப்பது நாள் லீவில் வந்து, நீங்கள் உங்கள் அம்மா வீட்டிலேயே இருந்திருப்பீர்கள். "ஏன் கணவர் வீட்டில் ஒருநாளும் வாழவில்லை?" என்று கேட்பார்கள். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், குடி என்ற குலப் பிரிவுகூடத் தாய் வழியில்தான் வரும் என்பது கொழும்பில் இருக்கும் வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரிய நியாயமில்லை. யாழ்ப்பாணத்து வழக்கை ஒருவேளை கேள்விப்பட்டிருப்பார், நம்முடையதை அல்ல. ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: இது எங்கள் வழக்கம், இதனால்தான் இப்படி. கூடவே கணவரின் தாய், சகோதரங்கள் எழுதிய கடிதம், பணம் அனுப்பிய சீட்டுகள், வட்ஸ்அப்பில் நாளாந்தம் பேசியதன் பதிவில் மாதத்துக்கு இரண்டு பக்கம், அவர் வந்துபோன விமானச் சீட்டு. மகளோடு அவர் எடுத்த படங்களைக் கட்டாயம் சேருங்கள். இராணுவ மனைவிக்கு இன்னொரு பலமான சான்று இருக்கிறது: கணவர் உங்களையும் மகளையும் இராணுவத்தின் குடும்பப் பதிவேட்டில், டீர்ஸ் என்பார்கள், சேர்த்திருந்தால் அந்தத் தாளும், மனைவி உள்ளவருக்கான வீட்டுப்படி காட்டும் சம்பளச் சீட்டும். சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள்.

பெயர்களில் கவனம். என் கோப்பு ஏழு மாதம் நின்றது என் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தால். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அம்மாவின் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தகப்பன் பெயரை முன்னால் போடுவோம், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு கந்தோரும் ஒவ்வொரு விதமாக எழுதும். எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி, ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். வேறுபாடு இருந்தால் திருத்தம் அல்லது சத்தியக் கடதாசி. மொழிபெயர்ப்பைச் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, "இதில் உள்ளபடியே எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். 2004 சுனாமியில் தாள்கள் போயிருந்தால் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுக்கலாம்; பதிவே கிடைக்காதவர்களுக்கு வயதை அனுமானித்துக் கொடுக்கும் சான்றிதழ் இருக்கிறது.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: முதல் கணவர் இறந்த பிறகு மத்திய கிழக்குக்குப் போனீர்களா? பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்த நாடு ஒவ்வொன்றின் பொலிஸ் ரிப்போட்டையும் கேட்பார்கள். குவைத்திலோ கட்டாரிலோ இருந்து அதை எடுப்பதற்கு மாதங்கள் போகும், ஆகவே முதலிலேயே தொடங்க வேண்டும். அந்தப் பயணத்துக்காக வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுத்துத் தந்திருந்தால், அந்தப் பழைய திகதியையும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். வீசாவுக்காக விரல் அடையாளம் கொடுத்த நாடுகளில் அது பதிந்திருக்கும்.

காசுக் கணக்கு. 2024 ஏப்ரலில் இருந்து ஐ-130 இணையத்தில் போட்டால் 625 டொலர், தாளில் போட்டால் 675. உங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. பிறகு குடிவரவு விசாக் கட்டணம் ஆளுக்கு 325, உங்களைத் தன் வருமானத்தில் பார்ப்பதாகக் கணவர் எழுதிக் கொடுக்கும் ஆதரவு உறுதிப்பத்திரத்தைப் பார்க்க 120, விசா கிடைத்ததும் கிரீன் கார்ட் அச்சிட ஆளுக்கு 235. கொழும்பில் குறிப்பிட்ட வைத்தியர்களிடம் செய்யும் மருத்துவப் பரிசோதனை தனி. ஆதரவு உறுதிப்பத்திரத்தில் இராணுவத்தாருக்கு ஓர் உண்மையான சலுகை உண்டு: மற்றவர்கள் வறுமைக் கோட்டின் 125 வீதம் வருமானம் காட்ட வேண்டும், முழுநேரச் சேவையில் இருந்து மனைவிக்கும் பிள்ளைக்கும் மனுப் போடுகிறவர் 100 வீதம் காட்டினால் போதும். மூன்று பேர் குடும்பத்துக்கு 2025 கணக்கில் வருடம் 26,650 டொலர். இதைச் சாதாரணச் சிப்பாயின் சம்பளமும் படிகளும் தாண்டிவிடும், கவலைப்பட வேண்டாம்.

அவசரமாகப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா? கேட்கலாம். கணவரை வேறு இடத்துக்கு அனுப்பும் கட்டளை கையில் வந்திருந்தால் அதன் பிரதியோடு கேட்க வேண்டும். கொடுப்பதும் விடுவதும் அவர்கள் இஷ்டம். இராணுவக் குடும்பங்களுக்கென்று குடிவரவுத் திணைக்களம் வைத்திருக்கும் இலக்கம் 877-247-4645. அதற்கு அவரே எடுக்கட்டும். உள்நாட்டில் இருக்கும் இராணுவக் குடும்பங்களுக்கு அங்கேயே தங்கவிடும் சலுகை ஒன்று பற்றிக் காதில் விழுந்திருக்கும். அது அனுமதியில்லாமல் நாட்டுக்குள் ஏற்கெனவே புகுந்து அங்கே இருப்பவர்களுக்கு, உங்களுக்குப் பொருந்தாது. சுற்றுலா விசாவில் போய்ப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யாருக்காக ஐ-130 போடப்பட்டதோ அவருக்கு அது பெரும்பாலும் மறுக்கப்படும், மறுப்பும் பதிவில் ஏறும்.

கொரியாவுக்கே போய் அவரோடு இருக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். மனைவி எந்த நாட்டவராக இருந்தாலும், இராணுவம் குடும்பத்தை அழைக்க அனுமதி கொடுத்தால் முடியும். ஆனால் அங்கே குடும்பம் இல்லாத பணிக்காலம் ஒரு கணக்கு, குடும்பத்தோடு என்றால் அதைவிட நீண்ட கணக்கு. அவர் எந்தக் கணக்கில் போயிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மகளின் படிப்பையும் யோசித்து முடிவெடுங்கள்.

உங்கள் திருமணத்துக்குப் பதினாலு மாதம். நீங்கள் அமெரிக்காவுக்குள் கால் வைக்கும் நாளில் திருமணத்துக்கு இரண்டு வருடம் நிரம்பாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு வருட நிபந்தனைக் கிரீன் கார்ட். அது முடியும் முன்னுள்ள தொண்ணூறு நாளுக்குள் இருவரும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவம் போட வேண்டும். இரண்டு வருடம் நிரம்பிப் போனால் பத்து வருடக் கார்ட். விசா கிடைத்த பிறகும் பயணத்துக்கு மாதக் கணக்கில் அவகாசம் இருக்கும். ஆகவே இரண்டு வருடத்துக்குச் சில கிழமைதான் குறைகிறது என்றால் டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். ஐ-751 நேரத்தில் கணவர் எங்கோ ஒரு கடற்கரையில் தொடர்பில்லாமல் நின்று, கையெழுத்துக்கு அலைந்த மனைவிமாரை எனக்குத் தெரியும்.

அங்கே போன பிறகு, அவரை வெளிநாட்டுக்கு மாற்றினால் நீங்களும் கூடப் போகலாம். கட்டளைப்படி கணவரோடு வெளிநாட்டில் இருக்கும் காலம் உங்கள் கிரீன் கார்ட்டைக் கெடுக்காது. குடியுரிமைக்கான வதிவிடமாகக்கூட அதை எண்ணச் சட்டம் இருக்கிறது. குடிமகனின் மனைவி சாதாரணமாக மூன்று வருடத்தில் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பணிக்குக் கூடப் போகிற மனைவி அதைவிட முன்பே விண்ணப்பிக்கும் வழியும் உண்டு.

ஒரு மனக்கசப்பான விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கணவர் அப்படியானவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் "எல்லாம் நான் பார்க்கிறேன், உனக்கு எதுக்கு" என்ற வசனத்தை அந்த மேசையில் இருந்து நிறையக் கேட்டிருக்கிறேன். சிலரில் அது அன்பு, சிலரில் அது கயிறு. "ஒரு போன் எடுத்தால் உன் விசா போய்விடும்" என்று மிரட்டி அடித்தவர்களும் இருந்தார்கள். குடிமகனோ கிரீன் கார்ட் உள்ளவரோ மனைவியைத் துன்புறுத்தினால், அவர் கையெழுத்து இல்லாமல் மனைவியே தனக்கு மனுப் போட முடியும். மனைவி அமெரிக்காவுக்கு வெளியே இருந்தாலும்கூட, துன்புறுத்தியவர் இராணுவத்தில் இருப்பவர் என்றால் இந்த உரிமை இருக்கிறது. ஆரையம்பதியில் இருந்தபடியே போடலாம். நிபந்தனைக் கார்ட்டோடு இருக்கும்போது மணமுறிவு வந்தாலும், திருமணம் உண்மையானதாக இருந்தால் ஐ-751ஐத் தனியாகப் போடலாம். கணவர் சேவையில் இறந்துபோனாலும் மனைவியின் வழி அடைபடாது. குடிமகனின் விதவை இரண்டு வருடத்துக்குள் தானே மனுப் போடலாம். ஒரு தடவை விதவையான உங்களிடம் இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் கோப்பின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். ஐ-130 போட்டால் வரும் ரசீது இலக்கம், எந்தத் திகதியில் போட்டார், பிறகு தேசிய விசா நிலையம் தரும் கோப்பு இலக்கம், அந்தக் கணக்குக்குள் போகும் வழி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கேட்பதில் சந்தேகம் எதுவும் இல்லை என்று அவருக்குச் சொல்லுங்கள். அவர் களத்தில் நிற்கும் நாளில் கடிதம் வந்தால் பதில் போட வேண்டியவர் நீங்கள்தான். என் கணவர் மூன்று மாதம் தொடர்பில்லாமல் இருந்தபோது, மேலதிக ஆவணம் கேட்டு வந்த கடிதத்துக்குத் தவணை தவறாமல் பதில் போனது, அந்த இலக்கம் களுவாஞ்சிகுடியில் என் தலையணைக்குக் கீழ் இருந்ததால்தான்.

நேர்முகத்துக்கு இரவு பஸ்ஸில் போய் அப்படியே தூங்காத கண்ணோடு நிற்காதீர்கள். முதல் நாளே போய்க் கொழும்பில் தங்குங்கள். தமிழில் பேசலாம், தெரியாத ஆங்கிலத்தில் தடுமாறி "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேளுங்கள். அதிகாரி ஏதாவது தாளைக் கொடுத்து "இன்னும் பரிசீலனை" என்று சொன்னால் அது இறுதி மறுப்பு அல்ல. உங்கள் கதையில் அந்தத் தாள் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அதை எதிர்பார்த்தே போங்கள், அந்த நாளை மகளுக்குப் பயண நாளாகச் சொல்லி வைக்காதீர்கள்.

திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போய் மகளின் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி இரண்டு எடுங்கள். அதில் அவளுடைய அப்பாவின் பெயரும், மரணச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒன்றாக இல்லையென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.